ஒலி இடைமுகம்

ஒலி இடைமுகம் என்பது ஒலிவாங்கியிலிருந்தும் இசைக்கருவியிலிருந்தும் வரும் மின்குறிகையை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புவதும், கணினி தரும் எண்களை மறுபடியும் மின்குறிகையாக்கி ஹெட்போனுக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுப்புவதும் ஆகிய இரு பணிகளைச் செய்யும் மின்னணுக் கருவி ஆகும். வழக்கில் இது ஆடியோ இன்டர்பேஸ் என்றே அழைக்கப்படுகிறது. வீட்டில் இசையைப் பதிவு செய்வோர் பயன்படுத்துபவற்றுள் பெரும்பாலானவை ஒரு புத்தகத்தின் அளவேயுள்ள பெட்டிகள். ஒரேயொரு யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைக்கப்படுபவை.

மடிக்கணினியிலேயே ஒலிவாங்கித் துளை இருக்கையில் தனிப்பெட்டி எதற்கு என்னும் கேள்வி இயல்பானது. அத்துளை, உரையாடலுக்குப் பயன்படும் சிறு ஒலிவாங்கிகளுக்காக அமைக்கப்பட்டது. இசைப்பதிவுக்கான ஒலிவாங்கிகளின் மூன்றுமுனைக் கம்பியை அதில் செருக இயலாது. அவற்றுக்கு வேண்டிய மின்னழுத்தத்தையும் அது தருவதில்லை. மேலும் செயலி, நினைவகம், மின்விசிறி ஆகியவற்றின் மின்துடிப்புகள் நிறைந்த பலகையிலேயே உள்ளமைந்த ஒலிச்சுற்றும் அமைந்திருப்பதால், அத்துடிப்புகள் நுண்ணிய குறிகையுடன் எளிதில் கலந்துவிடுகின்றன.

இக்கருவிகளின் விளம்பரங்கள் பிட் எண்ணிக்கையையும் மாதிரி வீதத்தையும் முன்னிறுத்துவது வழக்கம். ஆயினும் இன்றைய கருவிகளுள் மலிவானவற்றில்கூட அவ்விரண்டும் தேவைக்கு மேலேயே உள்ளன. வீட்டுப் பதிவின் தரத்தை, குறிகை எண்ணாக மாறும் முன்பே அதனுடன் சேர்ந்துவிடும் இரைச்சலும், எண்ணாக மாறிய பின் அது பாடுபவரின் காதுக்குத் திரும்பி வர எடுக்கும் நேரமும் பெரிதும் தீர்மானிக்கின்றன. அதனால் இக்கட்டுரையில் இவ்விரண்டும் விரிவாக விளக்கப்படுகின்றன.

வரலாறு

வீட்டிலிருந்து பதிவு செய்யும் வழக்கம் கணினிக்கு முந்தையது. 1979 இல் ஜப்பானின் டாஸ்காம் நிறுவனம் வெளியிட்ட போர்டாஸ்டுடியோ 144 என்னும் கருவி, சாதாரண ஒலிநாடாப் பேழையில் நான்கு தடங்களைப் பதியும் வசதியைக் கொண்டிருந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டில் இக்கருவியில் பதிந்த முன்னோட்டப் பாடல்களே 1982 இல் நெப்ராஸ்கா என்னும் தொகுப்பாக வெளிவந்தன. நாடாவின் இரைச்சல் அதில் கேட்கத்தான் செய்கிறது.

கணினியின் பக்கத்திலிருந்து பார்த்தால், 1989 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 8 பிட் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. அது விளையாட்டுகளுக்கானது. அதே ஆண்டில் டிஜிடிசைன் நிறுவனம் மக்கின்டாஷ் கணினிக்காக வெளியிட்ட சவுண்ட் டூல்ஸ், இசைப்பதிவுக்கானது. இதன் வழித்தோன்றலே 1991 இல் வந்த புரோ டூல்ஸ். சென்னையில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டுடன் இணைந்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்ததும் 1989 இல்தான். எனினும் அக்காலத்தில் இத்தகைய கருவிகள் ஒரு மாணவரால் வாங்கக்கூடிய விலையில் இருக்கவில்லை.

நிலைமையை மாற்றியவை யுஎஸ்பி வழியாக இணையும் சிறு பெட்டிகள். 2002 இல் டிஜிடிசைனின் எம்பாக்ஸ், 2011 இல் ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் வரிசை ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. 2019 இல் வெளியான பில்லி ஐலிஷின் முதல் முழுநீளத் தொகுப்பு, அவருடைய பெற்றோரின் வீட்டில் அவர் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பெரும்பாலும் பதியப்பட்டு, 2020 இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

ஒலிவாங்கியும் முன்பெருக்கியும்

ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. மேடைகளில் மிகுதியாகக் காணப்படும் ஷூர் எஸ்எம்58 போன்ற இயங்குசுருள் ஒலிவாங்கி, 1 பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட் மட்டுமே தருகிறது. 1 பாஸ்கல் என்பது 94 டெசிபெல். அதாவது வாயருகே வைத்து உரத்துப் பாடும்போது கிடைக்கும் அளவு. எண்ணாக்கும் சில்லுக்கோ ஒரு வோல்ட் அளவிலான குறிகை வேண்டும். ஆகவே குறிகையை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபெல், பெருக்க வேண்டியுள்ளது. இப்பணியைச் செய்வது பிரீஆம்ப் எனப்படும் முன்பெருக்கி. பெட்டியின் முகப்பில் உள்ள திருகு இதன் பெருக்கத்தையே கூட்டிக் குறைக்கிறது.

மின்தேக்கி ஒலிவாங்கிகள் இதனினும் மிகுதியான மின்னழுத்தத்தைத் தருகின்றன. 1 பாஸ்கலுக்கு 10 முதல் 25 மில்லிவோல்ட் வரை என்பது வழக்கமான அளவு. ஆனால் அவற்றின் உள்ளிருக்கும் சிறு மின்சுற்று இயங்க வெளியிலிருந்து மின்வழங்கல் தேவை. ஃபேண்டம் பவர் என்று குறிக்கப்படும் 48 வோல்ட் பொத்தான் இதற்கானது. 1966 இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே ஒலிபரப்பு நிறுவனத்துக்காகச் செய்த ஒலிவாங்கிகளில் இம்மின்னழுத்தம் கையாளப்பட்டது. அங்கே அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே இருந்ததே காரணம் என்பர்.

குறிகை செல்லும் அதே இரு கம்பிகளின் வழியே இம்மின்சாரமும் செல்கிறது என்பது முதலில் வியப்பளிக்கலாம். தலா 6.8 கிலோஓம் மதிப்புள்ள இரண்டு மின்தடைகள் மூலம் இரு கம்பிகளுக்கும் சமமாக 48 வோல்ட் தரப்படுகிறது. இரு கம்பிகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாததால், இயங்குசுருள் ஒலிவாங்கியின் சுருளில் மின்னோட்டம் பாய்வதில்லை. அதற்குத் தீங்கும் இல்லை. பழைய நாடாவகை ஒலிவாங்கிகளுக்கு மட்டும், கம்பியில் பழுது இருக்குமாயின், இது கேடு விளைவிக்கக்கூடும். கைப்பேசிக்கான சிறு சட்டைப்பை ஒலிவாங்கிகள் சில வோல்ட்டுகளில் இயங்குபவை. அவற்றை வெறும் மாற்றுமுனை ஒன்றைச் செருகி 48 வோல்ட்டுடன் இணைத்தல் கூடாது.

மூன்றுமுனைக் கம்பியின் சிறப்பும் இவ்விரு கம்பி அமைப்பிலேயே உள்ளது. ஒரு கம்பியில் குறிகையும் மற்றதில் அதன் தலைகீழ் வடிவமும் செல்கின்றன; மூன்றாவது முனை காப்புறைக்கானது. வழியில் வந்து சேரும் வெளி இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவாகப் பதிகிறது. முன்பெருக்கி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது, குறிகை எஞ்சுகிறது. பத்து மீட்டர் நீளமுள்ள ஒலிவாங்கிக் கம்பி அமைதியாக இருப்பதும், இரண்டு மீட்டர் கிதார் கம்பி முரலுவதும் இதனாலேயே.

கருவிகளை நேரடியாக இணைத்தல்

மின்கிதாரை ஒலிவாங்கிக்கான உள்ளீட்டில் இணைத்தால் ஒலி மங்கிப்போகும். கிதாரின் சுருள் உயர்ந்த மின்மறுப்பு உடையது. ஒலிவாங்கி உள்ளீட்டின் மின்மறுப்போ சில கிலோஓம் மட்டுமே. இதற்காகவே பெரும்பாலான இடைமுகங்களில் கிதார் படம் அல்லது ‘இன்ஸ்ட்’ என்னும் குறிப்புடன் 1 மெகாஓம் உள்ளீடு தரப்படுகிறது.

வீணையிலும் வயலினிலும் ஒட்டப்படும் தொடு ஒலிவாங்கிகளுக்கு இது இன்னும் முக்கியமானது. இவை அழுத்தமின் வகையைச் சார்ந்த சிறு வில்லைகள். மின்னியல் நோக்கில் ஒரு மின்தேக்கியைப் போன்றவை. மின்தேக்கியும் உள்ளீட்டு மின்தடையும் சேரும்போது தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் வடிப்பி உருவாகிறது. வில்லையின் மின்தேக்கம் 1 நானோபாரடு என்று கொண்டால், 10 கிலோஓம் உள்ளீட்டில் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 16,000 ஹெர்ட்ஸ். அதாவது இசை முழுவதுமே வெட்டுக்குக் கீழே போய்விடுகிறது. கேட்பது ஒரு மெல்லிய கீச்சொலி. 1 மெகாஓம் உள்ளீட்டில் இது 160 ஹெர்ட்ஸாக இறங்குகிறது. அப்போதும் வீணையின் அனுமந்திரத் தந்தி அதற்குக் கீழேயே ஒலிப்பதால் மெலிந்து கேட்கும். 10 மெகாஓம் ஆனால் 16 ஹெர்ட்ஸ், குறை தீர்ந்தது. தொடு ஒலிவாங்கியுடன் சிறிய இடைநிலைப் பெருக்கி ஒன்றைச் சேர்த்துத் தருவதன் காரணம் இதுவே. ‘இந்த இடைமுகத்தில் வீணை எடுபடவில்லை’ என்று கருவியை மாற்றுமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எண்ணாக்கம்

பெருக்கப்பட்ட குறிகையின் மின்னழுத்தத்தைச் சமமான கால இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதுவதே எண்ணாக்கம். ஒரு நொடியில் எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது மாதிரி வீதம். ஒரு குறிகையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கும் மேலான வீதத்தில் அளந்தால், அளவீடுகளிலிருந்து அக்குறிகையை முழுமையாக மீட்கலாம் என்பது மாதிரித் தேற்றம். ஹாரி நைக்விஸ்ட் 1928 இலும், சோவியத் ஒன்றியத்தின் கோடெல்னிகோவ் 1933 இலும், கிளாட் ஷானன் 1949 இலும் இதன் வெவ்வேறு வடிவங்களைத் தந்தனர். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே 40,000க்குச் சற்று மேற்பட்ட வீதம் போதுமானது.

மாதிரிப் புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒலி தொலைந்துவிடுகிறது என்றும், மீண்டும் வரும் ஒலி படிக்கட்டு வடிவில் இருக்கும் என்றும் பரவலாக ஒரு கருத்து உண்டு. பாடநூல்களிலேயே அப்படிப்பட்ட படங்கள் காணப்படுகின்றன. இது தவறு. எல்லைக்குட்பட்ட அதிர்வெண்களைக் கொண்ட வளைவு ஒன்றே ஒன்றுதான் அப்புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் செல்ல முடியும். வெளியீட்டு வடிப்பி அவ்வளைவையே வரைகிறது.

44,100 என்னும் எண்ணுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1970களின் இறுதியில் எண்முறை ஒலியைச் சேமிக்கப் போதிய இடமுள்ள ஊடகமாக இருந்தது நிகழ்பட நாடாதான். நிகழ்படத்தின் ஒவ்வொரு வரியிலும் மூன்று மாதிரிகள் எழுதப்பட்டன. 60 ஹெர்ட்ஸ் முறையில் ஒரு புலத்துக்கு 245 வரிகள் பயன்பட்டன: 3 × 245 × 60 = 44,100. ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் முறையில் 294 வரிகள்: 3 × 294 × 50 = 44,100. இரு முறைகளுக்கும் பொருந்திய இவ்வெண்ணே 1982 இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டுக்கும் சென்று சேர்ந்தது. திரைப்படம், நிகழ்படம் ஆகியவற்றுக்கு 48,000 வழக்கமானது.

பாதி மாதிரி வீதத்துக்கு மேற்பட்ட அதிர்வெண் உள்ளே வந்துவிட்டால், அது வேறொரு தாழ்ந்த அதிர்வெண்ணாக வேடமிட்டுத் தோன்றும். 48,000 வீதத்தில் 30,000 ஹெர்ட்ஸ் ஒலி 18,000 ஹெர்ட்ஸாகப் பதியும். பின்னர் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே எண்ணாக்கத்துக்கு முன் வடிகட்டுதல் கட்டாயம். தொடக்ககால மாற்றிகளில் இதற்குச் செங்குத்தான வடிப்பிகள் தேவைப்பட்டன. அவற்றைச் செம்மையாகச் செய்வது கடினம். டெல்டா-சிக்மா மாற்றிகள் இச்சிக்கலைத் தீர்த்தன. ஜப்பானில் 1962 இல் முன்வைக்கப்பட்ட இம்முறையில், குறிகை மிகக் குறைந்த பிட்டுகளுடன் நொடிக்குப் பல இலட்சம் முறை அளக்கப்பட்டு, பின்னர் எண்கணித வடிப்பியால் 48,000க்குக் குறைக்கப்படுகிறது. இன்று மலிவான பெட்டியிலும் இருப்பது இதுவே. 1980களில் கேள்விப்பட்ட ‘எண்முறைக் கரகரப்பு’ பற்றிய குறைகளை இன்றைய கருவிகளின்மேல் ஏற்றுவது பொருந்தாது.

192,000 மாதிரி வீதம் என்னும் விளம்பரத்தால் வீட்டுப் பதிவுக்குக் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. கோப்பு நான்கு மடங்காகும், செயலியின் சுமையும் அவ்வாறே. 48,000 வீதமும் 24 பிட்டும் போதும்.

இரைச்சல் கணக்கு

ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் வீச்சைத் தருகிறது. கோட்பாட்டின்படி 16 பிட்டுக்கு 98 டெசிபெல், 24 பிட்டுக்கு 146 டெசிபெல். நடைமுறையில் எந்த மாற்றியும் 146 ஐ எட்டுவதில்லை. நல்ல மாற்றிகள் 110 முதல் 120 வரை தருகின்றன. இவ்வீச்சில் எவ்வளவு உண்மையில் பயன்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காணலாம்.

ஒருவர் எஸ்எம்58 ஒலிவாங்கியிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று மெல்லிய குரலில் பாடுகிறார் என்க. ஒலிவாங்கி இருக்கும் இடத்தில் 74 டெசிபெல் ஒலியழுத்தம், அதாவது 0.1 பாஸ்கல். கிடைக்கும் மின்னழுத்தம் 0.185 மில்லிவோல்ட். எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதால் இரைச்சல் எழுகிறது. ஜான்சன் இதை அளந்தார். மாதிரித் தேற்றத்தில் கண்ட அதே நைக்விஸ்ட் 1928 இல் இதற்கு விளக்கம் தந்தார். 150 ஓம் மின்தடையில், அறை வெப்பநிலையில், செவியுணர் அதிர்வெண்கள் முழுவதற்கும் இது 0.22 மைக்ரோவோல்ட். எவ்வளவு விலை கொடுத்தாலும் இதற்குக் கீழே செல்ல இயலாது. சாதாரண இடைமுகத்தின் முன்பெருக்கி இதை 0.31 மைக்ரோவோல்ட் ஆக்குகிறது. ஆக, குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் சுமார் 600. அதாவது 56 டெசிபெல்.

இப்போது அறையைக் கவனிக்கவும். இரவில், சன்னல்களை மூடிய அமைதியான அறையில் பின்னணி ஒலி 30 டெசிபெல் என்று கொள்வோம். குரலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 44 டெசிபெல். மின்விசிறி ஓடி, தெருவின் ஓசையும் சேர்ந்து 45 டெசிபெல் ஆனால், இடைவெளி 29 மட்டுமே.

மாற்றி 110, முன்பெருக்கி 56, அறை 29. சங்கிலியின் வலுக்குறைந்த கண்ணி எது என்பது வெளிப்படை. இந்நிலையில் இருமடங்கு விலையுள்ள இடைமுகத்தை வாங்கி முன்பெருக்கியின் இரைச்சலை 2 டெசிபெல் குறைப்பதால் கேட்பவருக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. மின்விசிறியை நிறுத்தினால் 10 டெசிபெல்லுக்கு மேல் கிடைக்கலாம். அதற்குச் செலவும் இல்லை, வியர்வையைத் தவிர. பாடுபவர் ஓர் அடியிலிருந்து அரை அடிக்கு நெருங்கினால் குரல் 6 டெசிபெல் கூடும், அறை இரைச்சல் அப்படியே இருக்கும். சுவரில் எதிரொலித்து வரும் ஒலியும் அதே அளவுக்குப் பின்தங்கும். ஆனால் ஒருதிசை ஒலிவாங்கிகளில் மிக நெருங்கினால் தாழ்ந்த ஒலிகள் மிகைப்படும். அதற்கேற்ப இடைவெளியைத் தெரிவு செய்தல் வேண்டும்.

முன்பெருக்கியின் தரம் உண்மையிலேயே வேறுபாடு காட்டும் இடமும் உண்டு. ஷூர் எஸ்எம்7பி போன்ற ஒலிவாங்கி 1 பாஸ்கலுக்கு 1.12 மில்லிவோல்ட்தான் தருகிறது. அதற்கு 60 டெசிபெல் பெருக்கமாவது வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். பெருக்கம் 50 டெசிபெல்லில் நின்றுவிடும் மலிவான பெட்டியுடன் அதை இணைப்பவர் ஏமாற்றமடைவர்.

பதிவின் அளவை எங்கே வைப்பது என்பதும் இக்கணக்கிலிருந்தே கிடைக்கிறது. நாடாவின் காலத்தில் இரைச்சலை மறைக்கக் குறிகையை இயன்ற அளவு உயர்த்திப் பதிவது வழக்கம். 24 பிட்டில் அதற்குத் தேவையில்லை. உச்சம் முழு அளவுக்கு 12 டெசிபெல் கீழே நின்றாலும் எதுவும் குறைவதில்லை. மாறாக முழு அளவைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை மீட்க இயலாது. ஒத்திகையில் பாடுவதைவிட மெய்யான பதிவில் பாடுவோர் குரலை உயர்த்துவது இயல்பு என்பதால், திருகைச் சற்றுக் குறைத்தே வைத்தல் நலம். 2019 இல் வந்த ஜூம் எஃப்6 பதிவுக்கருவிக்குப் பின், ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் இரண்டு மாற்றிகளை வைத்து 32 பிட் மிதவைப்புள்ளி எண்களாகப் பதியும் முறை பரவி வருகிறது. இதில் எண்ணாக்கத்தின்போது வெட்டுப்படுவதில்லை. ஆனால் ஒலிவாங்கியே திணறினால் அதை இம்முறையாலும் காக்க முடியாது.

தாமதம்

பாடுபவர் முன்பே பதிந்த இசையையும் தம் குரலையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுகிறார். குரல் எண்ணாகி, கணினிக்குள் சென்று, மென்பொருளைக் கடந்து, மறுபடி மின்குறிகையாகிக் காதை அடையச் சிறிது நேரம் ஆகிறது. இதுவே தாமதம்.

கணினி ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே கையாள்வதில்லை. ஒரு தொகுதி சேர்ந்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. அத்தொகுதி காத்திருக்கும் இடம் இடையகம் எனப்படும். 48,000 வீதத்தில் 64 மாதிரிகள் கொண்ட இடையகம் 1.33 மில்லிநொடி, 256 மாதிரிகள் 5.33 மில்லிநொடி, 1024 மாதிரிகள் 21.3 மில்லிநொடி. உள்ளே வர ஒன்று, வெளியே செல்ல ஒன்று என இருமுறை இக்காலம் செலவாகிறது. மாற்றிகளின் வடிப்பிகளும் யுஎஸ்பி பரிமாற்றமும் இதனுடன் மேலும் சேர்க்கின்றன. அமைப்புப் பலகையில் காணும் எண்ணைவிட உண்மையான சுற்றுத் தாமதம் எப்போதும் மிகுதி.

எவ்வளவு தாமதம் தாங்கத்தக்கது? காற்றில் ஒலி 1 மில்லிநொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. மேடையில் மூன்று மீட்டர் இடைவெளியில் அமரும் இருவருக்கு இடையே 9 மில்லிநொடி தாமதம் இயல்பாகவே உண்டு. அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இதை வைத்து 10 மில்லிநொடி தீங்கற்றது என்று சொல்லலாம், கருவி வாசிப்பவரைப் பொறுத்தவரை. பாடகரின் நிலை வேறு. அவருடைய குரல் தலையெலும்பின் வழியே உடனடியாக உட்செவியை அடைகிறது. அதே குரல் ஹெட்போனில் தாமதித்து வந்து அதனுடன் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. 1 மில்லிநொடி தாமதத்தில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என இவ்வழிவு தொடரும். குழாய்க்குள் பாடுவது போன்று தம் குரலே தமக்கு அந்நியமாகக் கேட்பதால், பாடகர் சுருதியை உறுதியாகப் பற்ற முடியாமல் போகிறது. இதைப் பயிற்சியின்மை என்று கருதி மாணவரைக் கடிந்துகொள்வது நியாயமன்று. ஹெட்போனின் ஒரு காதை விலக்கிவிட்டுப் பாடும் பழக்கம் பலரிடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எளிய தீர்வு நேரடிக் கேட்பு. குறிகை கணினிக்குச் செல்லும் முன்பே அதன் ஒரு பகுதியைப் பெட்டிக்குள்ளேயே ஹெட்போனுக்குத் திருப்பிவிடும் வசதி பெரும்பாலான இடைமுகங்களில் உண்டு. அப்போது மென்பொருளில் அதே தடத்தின் கேட்பை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையெனில் குரல் இருமுறை கேட்கும். மென்பொருள் சேர்க்கும் எதிரொலி முதலிய அணிகள் இதில் கேட்காது என்பது ஒரு குறை.

இடையகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன என்று கேட்கலாம். 64 மாதிரிகள் எனில், ஒவ்வொரு 1.33 மில்லிநொடிக்கும் ஒருமுறை கணினி தவறாமல் வேலையை முடித்தாக வேண்டும். ஒருமுறை தவறினாலும் பதிவில் ‘டிக்’ என்னும் ஒலி விழும். இங்கே செயலியின் சராசரி வேகம் உதவாது. மிக மோசமான ஒரு கணமே கணக்கில் வரும். நிரலாக்கம் பயில்வோர் இதை நினைவிற்கொள்ளலாம்: ஒலியைக் கையாளும் சார்புக்குள் வட்டிலிருந்து கோப்பைப் படிப்பதோ, நினைவகம் ஒதுக்குவதோ, பூட்டுக்காகக் காத்திருப்பதோ கூடாது. அதிவேகக் கணினியிலும் கம்பியிலா வலையமைப்பின் இயக்கி சில மில்லிநொடிகள் செயலியைப் பிடித்துவைத்துக்கொள்வதால் இத்தகைய வெடிப்புகள் நேர்வதுண்டு. பதியும்போது சிறிய இடையகம், பின்னர்க் கலவை செய்யும்போது பெரியது என்று மாற்றிக்கொள்வது வழக்கம்.

புதிதாகப் பதிந்த தடம் பழைய தடங்களோடு பொருந்துவதற்காக, மென்பொருள் சுற்றுத் தாமதத்தின் அளவுக்கு அதை முன்னே நகர்த்தி வைக்கிறது. இவ்வளவை இயக்கி தெரிவிக்கிறது. சில இயக்கிகள் தவறாகத் தெரிவிக்கின்றன. சோதிப்பது எளிது. இடைமுகத்தின் வெளியீட்டைக் கம்பியால் அதன் உள்ளீட்டுடனேயே இணைத்து, ஒரு தாளத் தட்டை ஒலிக்கவிட்டுப் பதிந்து, இரண்டும் எத்தனை மாதிரிகள் விலகியுள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இணைப்பும் இயக்கிகளும்

1998 இன் யுஎஸ்பி 1.1 நொடிக்கு 12 மெகாபிட் வேகமுடையது. சில தடங்களுக்கே போதுமானது. 2000 இல் வந்த யுஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட். எட்டு அல்லது பதினாறு தடங்களுக்கும் இதுவே போதும் என்பதால், பெட்டியில் புதிய வகை யுஎஸ்பி-சி துளை இருந்தாலும் உள்ளே இயங்குவது பெரும்பாலும் 2.0 தான். ஃபயர்வயர் வகை இடைமுகங்கள் பழைய பொருள் விற்பனையில் மலிவாகக் கிடைக்கின்றன. புதிய கணினிகளில் அத்துளை வருவதில்லை என்பதை மறக்கலாகாது.

மக்கின்டாஷில் கோர் ஆடியோ, லினக்ஸில் அல்சாவும் அதன்மேல் இயங்கும் ஜாக், பைப்வயர் ஆகியவையும் இடைமுகத்தைக் கையாளுகின்றன. விண்டோஸின் பொதுவான ஒலிப்பாதை, பல செயலிகளின் ஒலியைக் கலந்து தருவதற்காக அமைந்தது, தாமதம் மிகுதி. அதைச் சுற்றிச் செல்ல ஜெர்மனியின் ஸ்டைன்பர்க் நிறுவனம் 1997 இல் ஏசியோ என்னும் முறையை வெளியிட்டது. இன்றும் விண்டோஸில் இசைப்பதிவுக்கு இதுவே வழக்கமான வழி. யுஎஸ்பி ஒலி வகுப்பின் இரண்டாம் பதிப்பைப் பின்பற்றும் கருவிகள் தனி இயக்கி இல்லாமலேயே இயங்கும். விண்டோஸ் இவ்வசதியை 2017 இல்தான் பெற்றது. நிறுவனம் ஆதரவை நிறுத்திய பின்னரும் இத்தகைய கருவி பயன்படும் என்பதால், வாங்கும்போது கவனிக்க வேண்டிய பண்பு இது.

பல உள்ளீடுகளும் கடிகாரமும்

குரல், வயலின், மிருதங்கத்தின் இரு முகங்கள் என ஒரு சிறு கச்சேரியைப் பதிய நான்கு உள்ளீடுகள் வேண்டும். இரண்டு உள்ளீடுகள் கொண்ட பெட்டிகள் இரண்டை வாங்கி ஒரே கணினியில் இணைத்தால் என்ன என்று தோன்றலாம். ஒவ்வொரு பெட்டியிலும் மாதிரி வீதத்தைத் தீர்மானிக்கும் தனிப் படிகக் கடிகாரம் உள்ளது. இரண்டு கடிகாரங்கள் முற்றிலும் ஒத்துச் செல்வதில்லை. ஒன்று நொடிக்கு 48,000 மாதிரிகளும் மற்றது 48,001 மாதிரிகளும் எடுத்தால், ஒரு மணி நேரத்தில் 3,600 மாதிரிகள் விலகும். அது 75 மில்லிநொடி. கச்சேரியின் தொடக்கத்தில் குரலோடு இணைந்து விழுந்த தட்டு, இறுதியில் தெளிவாக விலகிக் கேட்கும். மக்கின்டாஷ் இயங்குதளம் இவ்விலகலைக் கணக்கிட்டுச் சரிசெய்யும் வசதியைக் கொண்டுள்ளது. பிற இடங்களில், ஒரு கருவியின் கடிகாரத்தை மற்றது பின்பற்றுமாறு ஒளியிழை அல்லது தனிக் கம்பியால் இணைக்க வேண்டும். எட்டுத் தடங்களை ஒரே ஒளியிழையில் அனுப்பும் அடாட் இணைப்பு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. நான்கு உள்ளீடுகள் கொண்ட ஒரே பெட்டியை முதலிலேயே வாங்குவது இவை எல்லாவற்றினும் எளிது.

மின்முரல்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பதிவில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் முரல் கேட்டால், மின்வழங்கல் குறிகையுடன் கலக்கிறது என்று பொருள். கணினியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு சுவர்த்துளைகளில் இணைக்கப்பட்டு, அவற்றின் நிலக்கம்பிகள் ஒலிக்கம்பியின் காப்புறை வழியே ஒரு வளையமாக இணைவதே பெரும்பாலும் காரணம். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிப் பார்த்து முரல் நிற்கிறதா என்று முதலில் சோதிக்கலாம். நின்றால், பதியும் நேரத்தில் மட்டும் மின்கலத்தில் இயக்கலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் இணைப்பதும், ஒலிபெருக்கிக்கு இருகம்பிச் சமநிலைக் கம்பியைப் பயன்படுத்துவதும், கிதாருக்கு மின்மாற்றி கொண்ட இணைப்புப் பெட்டியை இடையில் வைப்பதும் பிற வழிகள்.

மூன்றுமுனைச் செருகியின் நிலமுனையை நீக்கினாலும் முரல் நின்றுவிடும். இதனைச் சிலர் பரிந்துரைக்கின்றனர், செய்யவே கூடாது. உலோகக் கூடுள்ள பெருக்கியில் மின்கசிவு ஏற்பட்டால் அம்மின்சாரம் நிலத்துக்குச் செல்லும் வழி அம்முனை ஒன்றுதான். அது இல்லாதபோது கிதாரின் தந்தியைத் தொட்டவாறே ஒலிவாங்கியின் உலோக வலையில் உதடு படும்படி பாடுபவரின் உடல் வழியாகவே அம்மின்சாரம் பாயக்கூடும்.